பிக்சர் டியூப்பை மாற்றிய பிறகும் அது அதே சிற்பம்தானா?

கேள்வி: கடல்தாண்டி

வணக்கம். வேலை நிமித்தமாகத் தென்கொரியாவில் வசிக்கிறேன். சியோலை ஒட்டியுள்ள குவாச்சன் நகரில் அந்நாட்டின் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் வட்டமான நடுக்கூடத்தில், மேல்தளங்களுக்குச் சுழன்று ஏறும் சாய்தளம் சூழ, தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பதினெட்டரை மீட்டர் உயரத்துக்கு அடுக்கி எழுப்பிய கோபுரம் ஒன்று நிற்கிறது. வீடியோ கலையின் முன்னோடியான நாம் ஜூன் பெய்க், சியோலில் ஒலிம்பிக் நடந்த 1988இல் இதை உருவாக்கினார். பெட்டிகள் மொத்தம் 1,003. தங்கள் நாடு தோன்றியதாகக் கொரியர்கள் கொண்டாடும் அக்டோபர் 3ஆம் நாளை அந்த எண் குறிக்கிறதாம்.

பெட்டிகள் மூப்படைந்து, இனி மின்சாரம் கொடுப்பது ஆபத்து என்றானதால், 2018 பிப்ரவரியில் கோபுரத்தை அணைத்துவிட்டார்கள். கலைத்துவிடலாமா, அணைந்தபடியே விட்டுவிடலாமா, முழுவதையும் தட்டைத் திரைகளாக மாற்றிவிடலாமா என்று நீண்ட வாதம் நடந்திருக்கிறது. இறுதியில் 737 பெட்டிகளைப் பழுதுபார்த்தும், பயன்படுத்தப்பட்ட பழைய பெட்டிகளைத் தேடிப்பிடித்து மாற்றியும் பிக்சர் டியூப்போடே காப்பாற்றினார்கள். உச்சியில் இருந்த 266 சிறிய பெட்டிகளில் மட்டும் எல்.சி.டி. திரைகளைப் பொருத்தினார்கள். 2022 செப்டம்பரில் கோபுரம் மீண்டும் ஒளிர்ந்தது.

என் ஐயம் இதுதான். ஓர் ஓவியத்தில் கால்பங்கைச் சுரண்டிவிட்டு வேறொருவர் வரைந்து வைத்தால், அதை மூல ஓவியர் பெயரில் எந்த அருங்காட்சியகமும் மாட்டாது. ஆனால் இங்கே கால்பங்குக்கு மேல் மாறிய பிறகும் பெயர்ப்பலகையில் பெய்க்கின் பெயரே இருக்கிறது. அப்படியானால் அருங்காட்சியகத்தின் சொத்தாக இருப்பது எது? பெட்டிகளா, அவற்றில் ஓடும் படங்களா, அல்லது இப்படி அடுக்கலாம் என்ற யோசனையா? துறை சார்ந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஈரப்பதம்

நல்ல கேள்வி. ஓர் அருங்காட்சியகத்தில் கலைப்பொருள்களைச் சீரமைத்துக் காக்கும் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு செய்தி. நீங்கள் ‘மூலப் பெட்டிகள்’ என்று எண்ணிக்கொண்டிருப்பவை 2018இல் அந்தக் கோபுரத்தில் இல்லை. 1988இல் சாம்சங் நிறுவனம் கொடுத்த பெட்டிகள் அவ்வப்போது பழுதடைந்து, 2003இல் அத்தனையும் ஒரே வீச்சில் மாற்றப்பட்டுவிட்டன. அப்போது பெய்க் உயிரோடு இருந்தார். அவர் மறைந்தது 2006இல். தேவைப்பட்டால் புதிய தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதே அவருடைய நிலைப்பாடாகவும் இருந்தது. ஆகவே அந்தக் கோபுரத்தைப் பொறுத்தவரை, தொழிற்சாலையிலிருந்து வந்த பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த இன்னொரு பெட்டியால் ஈடுசெய்யலாம் என்பதைப் படைத்தவரே ஏற்றுக்கொண்டிருந்தார் என்று கொள்ள வேண்டும்.

அப்படியிருந்தும் அருங்காட்சியகம் ஏன் 737 பிக்சர் டியூப்களை அரும்பாடுபட்டுக் காப்பாற்றியது என்று நீங்கள் கேட்கலாம். முழுவதையும் எல்.சி.டி. ஆக்கியிருந்தால் செலவும் வேலையும் குறைந்திருக்கும். ஆனால் பிக்சர் டியூப்பின் முகம் முன்னோக்கிச் சற்றுப் புடைத்திருக்கும்; அதன் ஒளி கண்ணாடிக்குப் பின்னுள்ள பூச்சில் எலக்ட்ரான் கற்றை மோதிப் பிறப்பது; பக்கத்தில் நின்று பார்த்தால் லேசான துடிப்பும் தெரியும். ஆயிரம் பெட்டிகளின் அந்தப் பருமனும் புடைப்பும் துடிப்பும் சேர்ந்துதான் அது சிற்பமாகிறது. தட்டைத் திரைகளை அடுக்கினால் கடைத்தெரு விளம்பரப் பலகையின் சாயல் வந்துவிடும். உச்சியில் உள்ள சிறிய பெட்டிகளுக்கு அதே அளவில் மாற்று கிடைக்கவில்லை. எனவே அங்கே மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். அங்கும் வெளித்தோற்றம் பெரிதும் மாறாதபடி பார்த்துக்கொண்டார்கள். இப்படி எங்கே பிடிவாதம், எங்கே விட்டுக்கொடுப்பு என்று கோடு கிழிப்பதுதான் எங்கள் வேலை.

இதே பெய்க்கின் இன்னொரு படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ‘மேக்னெட் டிவி’ என்ற 1965ஆம் ஆண்டுப் படைப்பு உள்ளது. ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியின் தலைமேல் பெரிய லாட வடிவக் காந்தம் உட்கார்ந்திருக்கும். காந்தப்புலம் எலக்ட்ரான் கற்றையை வளைப்பதால் திரையில் பூவிதழ் போல ஒளி சுருண்டு நிற்கும். காந்தத்தை நகர்த்தினால் வடிவமும் நகரும். இந்தப் பெட்டிக்குப் பதிலாக எல்.சி.டி. வைத்தால் என்ன ஆகும்? அதில் வளைப்பதற்குக் கற்றையே இல்லை. காந்தம் வெறும் இரும்பாகத் தலைமேல் கிடக்கும். பழைய பதிவில் உள்ள வடிவத்தை எல்.சி.டி.யில் ஓடவிட்டுக் காந்தத்தையும் மேலே வைத்துவிடலாம். பார்வையாளரில் பலருக்கு வேறுபாடு தெரியாமலும் போகலாம். ஆனால் அது நாடகம். அந்தப் படைப்பில் காந்தத்துக்கும் ஒளிக்கும் இடையே அந்த நொடியில் நடப்பதுதான் கலை.

ஒரே கலைஞர், ஒரே வகைப் பெட்டி. ஓரிடத்தில் மாற்றலாம், இன்னோரிடத்தில் மாற்றவே கூடாது. ஆகவே ‘பெட்டியா, படமா, யோசனையா’ என்ற உங்கள் கேள்விக்கு எல்லாப் படைப்புகளுக்கும் பொருந்தும் ஒரு விடை கிடைக்காது. ஒவ்வொன்றிலும் எந்த உறுப்பு போனால் படைப்பும் போகிறது என்று தனித்தனியாகக் கண்டறிய வேண்டும்.

மறுமொழி: தெற்குவீதி

மேலே எழுதிய ஐயா சொல்வது சரி. ஆனால் இதில் நாம் திகைக்க அவ்வளவு காரணம் இல்லை என்றே எண்ணுகிறேன். சக்கரமும் அச்சும் இரும்பாகி, திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகும், திருவாரூர்த் தேரை ஆழித்தேர் அல்ல என்று யாரும் சொல்வதில்லை. உறுப்பு மாறினாலும் ஓட்டம் தொடர்ந்தால் போதும் என்பது நமக்குப் பழக்கமான எண்ணம்தான்.

சமகாலக் கலையில் இதை இன்னும் துணிவாகச் செய்தவர்கள் உண்டு. சிகாகோ கலைக் கழகத்தில் ஃபீலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991இல் செய்த படைப்பு ஒன்று உள்ளது. வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்கள் ஒரு மூலையில் குவிந்திருக்கும். அவற்றின் முழு எடை 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ. எய்ட்ஸ் நோயால் இறந்த தம் துணைவரின் உருவமாக அதை அவர் வைத்தார். வருகிறவர்கள் மிட்டாயை எடுத்துத் தின்னலாம். குவியல் குறையக் குறைய அருங்காட்சியகம் மீண்டும் நிரப்பலாம். அந்த மிட்டாய்களை ‘மூலப்பொருள்’ என்று கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால்தான் படைப்பு கெடும். அதுபோல, சோல் லெவிட்டின் சுவரோவியங்கள் 105ஐ அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பழைய தொழிற்சாலை வளாகம் ஒன்றில் இயங்கும் அருங்காட்சியகத்தில் 2008 முதல் காணலாம். அவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அவர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு உதவியாளர்களும் மாணவர்களும் வரைந்தவை அவை. ஆகவே அருங்காட்சியகம் வாங்குவது பொருளையன்று, ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப உண்டாக்கும் உரிமையைத்தான் என்று சொல்லிவிட்டால் உங்கள் குழப்பம் தீர்ந்துவிடும்.

மறுமொழி: நிறமி

தெற்குவீதி அவர்களுக்கு என் மறுப்பைப் பணிவோடு பதிவு செய்கிறேன். தேருக்குப் படைத்தவர் என்று ஒரு தனிமனிதர் இல்லை. அதை ஓட்டும் ஊரே அதன் உரிமையாளர், எதை மாற்றலாம் என்று முடிவு செய்யும் உரிமையும் ஊருக்கே உண்டு. மிட்டாயையும் சுவரோவியத்தையும் பொறுத்தவரை மாற்றும் உரிமையைக் கலைஞரே எழுதிக் கொடுத்திருக்கிறார். சிக்கல் இவ்விரண்டிலும் அடங்காதவற்றில்தான்: கலைஞர் தம் கையாலேயே செய்தார், பொருள் அவர் எதிர்பார்த்ததைவிட விரைவில் கெட்டது, கேட்பதற்கு இன்று அவர் இல்லை. அருங்காட்சியகக் கிடங்குகளில் இத்தகையவை ஏராளம்.

நான் வேதியியல் படித்தவன். ஆகவே இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடம் ஒன்றுக்காக வரைந்த பெரிய ஓவியங்கள் ஐந்து 1964இல் அங்கே மாட்டப்பட்டன. கூடத்தில் அகன்ற சன்னல்கள். வெயில் தாராளமாக உள்ளே விழுந்தது. ராத்கோ பயன்படுத்திய சிவப்புகளில் லித்தால் ரெட் என்ற நிறமி இருந்தது. ஒளி பட்டால் அது வெளிறும். ஆழ்ந்த கருஞ்சிவப்பாக இருந்த பரப்புகள் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் வெளிறி, நீலம் பாய்ந்துவிட்டன. 1979இல் அவற்றைக் கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள். மேலே வண்ணம் தீட்டிச் சரிசெய்திருக்கலாமே என்று தோன்றும். ராத்கோவின் பரப்பு வார்னிஷ் இல்லாதது, மெல்லியது, ஈரத்தை உறிஞ்சுவது. அதன்மேல் வைக்கும் வண்ணம் உள்ளே இறங்கிவிடும், திரும்ப எடுக்க முடியாது. செய்ததை எப்போது வேண்டுமானாலும் நீக்க முடிய வேண்டும் என்பது கலைப்பொருள் சீரமைப்பின் அடிப்படை விதி.

2014இல் ஹார்வர்டு கலை அருங்காட்சியகத்தார் வேறு வழி கண்டார்கள். 1960களில் எடுத்த வண்ண ஃபிலிம் படங்களையும், ராத்கோ வரைந்து மாட்டாமல் விட்டதால் வெயில் படாமல் தப்பிய ஆறாவது ஓவியத்தையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு நிறம் குறைந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஃபிலிமும் வெளிறியிருந்ததால் முதலில் அதன் நிறத்தைத் திருத்த வேண்டியிருந்தது. பிறகு, குறைந்த நிறத்தை மட்டும் ஒளியாக்கிப் புரொஜெக்டர் மூலம் ஓவியத்தின் மேலேயே வீழ்த்தினார்கள். ஓவியத்தில் ஒரு துளி வண்ணமும் சேர்க்கப்படவில்லை. நாள்தோறும் மாலை நான்கு மணிக்குப் புரொஜெக்டரை அணைப்பார்கள்; அப்போது வெளிறிய ஓவியம் அப்படியே முன்னால் நிற்கும். அந்த அணைக்கும் வேளைக்காகவே கூட்டம் கூடியதாம். பார்ப்பவரிடம் எதையும் மறைக்காமல் இரண்டு நிலைகளையும் காட்டிய நேர்மைக்காகவே இதை இத்துறையின் மிகச் சிறந்த தீர்வுகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

இரண்டாவது, ஈவா ஹெஸ். 1969இல் அவர் செய்த ‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்’ நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் உள்ளது. மெல்லிய துணியில் ரப்பர் பாலைப் பூசி, ஃபைபர்கிளாஸ் கம்புகளுக்கு இடையே திரைச்சீலை போலத் தொங்கவிட்டு, சுவரில் சாய்த்து வைத்தது. இடத்துக்கு ஏற்ப விரிக்கலாம், சுருக்கலாம். ரப்பர் பால் நீடிக்காது என்பது அவருக்குத் தெரியும். வாங்குகிறவர்களை எண்ணும்போது குற்ற உணர்வு இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். ஆனால் கெட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்று முடிவாக எதையும் சொல்லாமல், 1970இல் 34 வயதிலேயே இறந்துபோனார். ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பேறி, விறைத்து, நொறுங்கும் தன்மையை அடைந்தது. முப்பத்தைந்து ஆண்டு கிடங்கில் கிடந்து, நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2022இல்தான் மீண்டும் மக்கள் முன் வந்தது. இப்போது அதை விரிக்கவும் முடியாது, சுருக்கவும் முடியாது. புதிதாக ரப்பர் பால் வாங்கி இன்னொன்றைச் செய்வது எளிது. பெய்க்கின் கோபுரத்துக்குச் சொன்ன நியாயத்தையே இங்கும் சொல்லலாம். ஆனால் துணியில் அந்தப் பாலைப் பூசிய தூரிகைத் தடம் 1969ஆம் ஆண்டினுடையது. அதை எந்தக் குறிப்பாலும் மீண்டும் உண்டாக்க முடியாது. குகன்ஹைம் பழையதையே காட்டியது சரியென்பேன். அந்தச் சிற்பம் எதற்காக விரிந்து சுருங்கியதோ அது போய்விட்டது என்பதும் உண்மை.

மறுமொழி: கடல்தாண்டி

மூவருக்கும் நன்றி. ராத்கோவின் ஓவியங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. இன்னும் ஒன்று கேட்க விரும்புகிறேன். கலைஞர் இறந்த பிறகு இப்படி ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, வாங்கும்போதே எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்கிவிட்டால் என்ன? நம் நாட்டு அருங்காட்சியகங்களில் சமகாலக் கலைக்கு அந்த வழக்கம் தேவைப்படும் அளவுக்கு இத்தகைய படைப்புகள் இருக்கின்றனவா?

மறுமொழி: பதிவேடு

கேட்டு வாங்குவது நல்ல வழக்கம். பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் இப்போது கலைஞரோடு நேர்காணல் நடத்திய பிறகே இத்தகைய படைப்பைச் சேர்க்கின்றன. ஆனால் எழுதி வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். டான் ஃபிளேவின் கடையில் கிடைக்கும் சாதாரண டியூப்லைட்டுகளை மட்டும் கொண்டு 1963 முதல் படைப்புகளைச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தோடு சான்றிதழ் கொடுத்தார். டியூப் அணைந்தால் வேறு டியூப் போடலாம் என்பதில் ஐயமே இல்லை. எழுத்து மூலமான ஏற்பாடு இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. ஆனால் கடையில் டியூப்லைட்டே கிடைக்காத நாள் வரும் என்று அந்தச் சான்றிதழ் எதிர்பார்க்கவில்லை. டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வழக்கமான குழல்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவருவது 2023 ஆகஸ்டோடு நின்றுவிட்டது. எல்.இ.டி. குழல் அதே நீளத்தில் கிடைக்கிறது. ஆனால் டியூப்லைட்டின் ஒளி குழலைச் சுற்றி எல்லாப் பக்கமும் சிந்தும். ஃபிளேவின் எண்ணிச் செய்தது குழலின் ஒளியை மட்டுமன்று, பின்சுவரில் அது படர்வதையும்தான். பெரும்பாலான எல்.இ.டி. குழல்களில் விளக்குகள் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். ஆகவே இருக்கும் கையிருப்பைச் சேமிப்பது, தனியாகச் செய்யச் சொல்லி வாங்குவது என்று காலம் தள்ளுகிறார்கள். அணைந்த குழலுக்கு அதே நிறத்தில் மாற்று கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் அந்தச் சான்றிதழுக்குக் கீழே இருந்த தரை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பொருளைக் காப்பாற்றும் அறிவில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் 1930இலேயே தொடங்கப்பட்டது. குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து பச்சையாகப் பொரிந்து அரிக்கும் நோய்க்கு ஆளான செப்புத்திருமேனிகளை, வேதியியலாளர் பரமசிவன் தலைமையில் மின்பகுப்பு முறையில் அங்கே மீட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த அறிவு முழுவதும் ஒரே எண்ணத்தின் மேல் நிற்கிறது: பொருள்தான் கலை, பொருளைக் காத்தால் கலையைக் காத்தாயிற்று. அதே வளாகத்தில் சமகாலக் கலைக்கும் ஒரு கூடம் உண்டு. அங்குள்ள எண்ணெய் ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் அந்த எண்ணம் போதும். வீடியோவும் மின்கருவியும் உள்ளே வரும் நாளில் போதாது.

இந்தியக் கலைஞர்களிடம் இத்தகைய படைப்புகள் எப்போதோ வந்துவிட்டன. நளினி மாலனி 1992இல் மும்பையின் கெமூல்ட் கலைக்கூடத்தில் சுவர்களிலேயே வரைந்தார். காட்சி முடிந்ததும் வெள்ளையடித்து அழிக்கப்பட வேண்டும் என்பது அவர் திட்டமாகவே இருந்தது, அப்படியே அழிக்கப்பட்டது. விவான் சுந்தரம் வளைகுடாப் போரை ஒட்டி, வண்டியில் ஊற்றும் இன்ஜின் ஆயிலையும் கரித்துண்டையும் கொண்டு காகிதத்தில் வரைந்தார். இன்ஜின் ஆயில் காய்வதில்லை. காகிதத்தில் பரவிக்கொண்டே இருக்கும் இயல்புடையது. மாலனியின் சுவரைக் காப்பாற்ற முயல்வது அவருடைய விருப்பத்துக்கு எதிரானது. சுந்தரத்தின் காகிதத்தில் எண்ணெய் பரவுவதைத் தடுக்க வேண்டுமா, அதுவும் படைப்பின் பகுதியா என்பதை, அதை வைத்திருப்பவர் கலைஞர் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். அவர் 2023இல் மறைந்துவிட்டார்.

நான் பதிவேடு எழுதுகிற வேலையில் இருப்பவள். எங்கள் சேர்க்கைப் படிவத்தில் நீளம், அகலம், ஊடகம், ஆண்டு, விலை என்று கட்டங்கள் இருக்கும். வீடியோ படைப்பு வந்தால் ‘நீளம்’ என்ற கட்டத்தில் சென்டிமீட்டர் எழுதுவதா நிமிடம் எழுதுவதா என்பதே முதல் தகராறு. இருக்கும் படிவத்தோடு ஒரு தாளைச் சேர்த்து வைத்தாலே பாதி வேலை முடியும் என்பது என் அனுபவம். எந்த உறுப்பை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது, மாற்றும்போது முதலில் எதை விட்டுக்கொடுப்பது, உருவமா ஒளியா ஒலியா, ஒன்றுமே முடியாமல் போனால் அணைத்து வைத்துக் காட்டலாமா அல்லது காட்டவே கூடாதா. கலைஞர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

மறுமொழி: ஈரப்பதம்

பதிவேடு அம்மா கேட்பவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன்: மாற்றியதைப் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகையில் ‘1988’ என்று மட்டும் இருந்தால், அது கடல்தாண்டி அவர்கள் கேட்ட ஐயத்தை மூடி மறைப்பதாகும். ஓவியத்துக்கும் வெண்கலத்துக்கும் நாங்கள் செய்யும் சீரமைப்பு கோப்புக்குள் தூங்கிவிடுகிறது. கோபுரத்துக்கு அது போதாது. ‘1988, பெட்டிகள் 2003இல் மாற்றப்பட்டன, 2022இல் சீரமைக்கப்பட்டபோது 266 பெட்டிகளில் எல்.சி.டி. பொருத்தப்பட்டது’ என்று ஒரு வரி போதும். பலகையில் அதற்கு இடம் இருக்கிறது. 2022இல் மீண்டும் இயக்கியபோது வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே ஒளிரவிடுவது என்று வைத்தார்கள், எஞ்சிய பிக்சர் டியூப்களின் ஆயுளைக் கருதி. நேரத்தை விசாரித்துக்கொண்டு மீண்டும் போய்ப் பாருங்கள். சாய்தளத்தில் மேலே ஏறி நின்றால் எல்.சி.டி. பெட்டிகள் கண்ணுக்கு எதிரே வரும், கீழே உள்ளவற்றோடு ஒப்பிடலாம்.